டோலி தூக்கிய பாரிஸ்டர்

நோயாளியைத் தூக்கிப் போவது ஒரு பெரிய வேலையா? நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். வண்டி கிடைத்தால் ஏற்றிவிடலாம். வேகமாக ஓட்டினால் ஆஸ்பத்திரி வந்துவிடும். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

அது தவறு. எதில் ஏற்றுவது, எப்படிப் படுக்க வைப்பது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கூட யார் போவது என்ற நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் வழியிலேயே உயிர் போகலாம்.

இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்காமல், தன் கையாலும் காலாலும் படித்தவர் ஒருவர் உண்டு. அவர் டாக்டர் அல்ல. லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

உப்பு அள்ளிய காந்திஜியை எல்லோருக்கும் தெரியும். ராட்டை சுற்றிய காந்திஜியையும் தெரியும். காயம் பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரே நாளில் 25 மைல் நடந்த காந்திஜியைச் சிலருக்கே தெரியும். அவரோடு சேர்ந்து சுமந்தவர்களில் சென்னை ராஜதானியிலிருந்து கப்பல் ஏறிப் போன ஏழைக் கூலிகள் ஏராளம்.

கவிழ்ந்த வண்டி

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, குஜராத்தில் போர்பந்தரில் பிறந்தார் மோகன்தாஸ். தந்தை கரம்சந்த் காந்தி. ராஜ்கோட் சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர்.

மோகன்தாசுக்கு 13 வயதில் கல்யாணம். கல்யாணம் போர்பந்தரில். தந்தையோ 120 மைலுக்கு அப்பால் ராஜ்கோட்டில் இருந்தார். மாட்டு வண்டியில் போனால் ஐந்து நாள் பயணம். ராஜா கடைசி நேரம் வரை அவருக்கு விடை கொடுக்கவில்லை. பிறகு குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்து அனுப்பி வைத்தார். ஐந்து நாள் வழியை மூன்று நாளில் கடக்க வேண்டும். வண்டி பறந்தது.

ஊர் நெருங்கும் வேளையில் வண்டி குடை சாய்ந்தது. திவானுக்குப் பலத்த காயம். உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு மகன் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்தார். மணமேடையில் இருந்த சிறுவன் தந்தையின் கட்டுகளைப் பார்த்தான். அவசரத்தின் விலை என்ன என்று அந்த வீட்டுக்கு அன்று தெரிந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு தந்தை வேறொரு நோயில் படுத்தார். மோகன்தாஸ் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தந்தையிடம் வருவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். மருந்து கலந்து கொடுப்பார். இரவில் கால் பிடித்துவிடுவார். 1885-ம் ஆண்டு தந்தை காலமானார். அந்தக் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் இல்லாமல் போனோமே என்ற வருத்தம் மகனை ஆயுள் முழுவதும் விடவில்லை.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிணத்தை அறுத்துப் படிக்கும் படிப்பு வைஷ்ணவ குடும்பத்துக்கு ஆகாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அதனால் சட்டம் படிக்க லண்டன் போனார். ஆனால், நோயாளிக்குப் பணிவிடை செய்யும் ஆசை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

தலைப்பாகையும் ரத்தமும்

1893-ம் ஆண்டு ஒரு வழக்குக்காகத் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே நேட்டால் என்ற நாட்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்ய 1860-ம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அங்கே இந்தியர் எல்லோருக்கும் கூலி என்றே பெயர். காந்திஜிக்கும் கூலி பாரிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு நாள், அவருடைய அலுவலகத்துக்கு ஓர் ஆள் அழுதுகொண்டே வந்தார். கந்தல் உடை. முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயெல்லாம் ரத்தம். தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம். தமிழர். வெள்ளைக்கார எஜமான் அடித்த அடி அது.

காந்திஜி வழக்கறிஞர். ஆனாலும் முதலில் கோர்ட்டுக்கு ஓடவில்லை. பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பினார். காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதன் பிறகே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். அந்த ஏழைக்கு வேறு நல்ல எஜமானும் கிடைத்தார். கூலிகளுக்கு ஒரு பாரிஸ்டர் இருக்கிறார் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது.

இன்னொரு நாள் ஒரு குஷ்டரோகி வாசலுக்கு வந்தார். காந்திஜி அவரை வீட்டுக்குள் வைத்துப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். சில நாட்களில் ஒன்றைப் புரிந்துகொண்டார். இந்த நோய்க்குத் தன் வீடும் தன் கையும் போதாது. எனவே, கூலிகளுக்காக இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பி வைத்தார்.

அன்பு இருக்கிறது என்பதற்காக நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. நம்மால் முடியாதது எது என்று தெரிந்துகொண்டு, முடிகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவும் அன்புதான்.

அப்போது டர்பன் நகரில் டாக்டர் பூத் என்ற பாதிரியார் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். காந்திஜி தினமும் காலையில் அங்கே போனார். நோயாளிகளின் குறையைக் கேட்டு டாக்டரிடம் சொல்வார். மருந்து கலந்து கொடுப்பார். வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலிகள்.

யுத்தம் வந்தது

1899-ம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் யுத்தம் மூண்டது. போயர்கள் என்போர் அங்கே குடியேறி வாழ்ந்த டச்சு வம்சத்தினர். காந்திஜியின் மனம் போயர்கள் மீது இரக்கம் கொண்டது. ஆனால், பிரிட்டிஷ் பிரஜை என்ற உரிமையைக் கேட்கிறவர்கள் அதற்குரிய கடமையையும் செய்ய வேண்டும் என்று அன்று அவர் நம்பினார். துப்பாக்கி தூக்க வேண்டாம். காயம் பட்டவர்களைத் தூக்குவோம் என்று முடிவு செய்தார்.

வெள்ளைக்காரர்களில் பலர் சிரித்தார்கள். கூலிகளுக்கு யுத்த களத்தில் நிற்கத் தைரியம் ஏது என்றார்கள். சர்க்காரும் முதலில் வேண்டாம் என்றது.

காந்திஜி சும்மா இருக்கவில்லை. டாக்டர் பூத் இந்தியர்களுக்கு முதலுதவி கற்றுக் கொடுத்தார். ரத்தத்தை எப்படி நிறுத்துவது, உடைந்த எலும்பை அசையாமல் எப்படிக் கட்டுவது என்றெல்லாம் படித்தார்கள். யுத்தத்தில் பிரிட்டிஷ் படைக்கு அடி மேல் அடி விழுந்தது. அப்போது சர்க்காருக்கு இந்தியர்களின் ஞாபகம் வந்தது.

சுமார் 1,100 பேர் கொண்ட இந்தியர் படை சேர்ந்தது. 300 பேர் சுதந்திரமாகத் தொழில் செய்து வந்தவர்கள். மற்றவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். டிசம்பர் 15-ந்தேதி கொலென்சோ என்ற இடத்தில் பெரும் போர். அங்கேதான் அவர்களுடைய முதல் வேலை.

குன்றின் அடியில்

1900-ம் ஆண்டு ஜனவரி 24-ந்தேதி. ஸ்பியான் காப் என்ற குன்றில் கொடிய போர் நடந்தது. திண்டுக்கல் கோட்டை மலையைவிட உயரமான குன்று அது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். இரவோடு இரவாகப் படை பின்வாங்கியது.

இந்தியர் படைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குண்டு விழும் எல்லைக்குள் அவர்கள் போக வேண்டியதில்லை. ஆனால், அன்று காயம் பட்டவர்கள் குவிந்து கிடந்தார்கள். உள்ளே வந்து தூக்க முடியுமா என்று தளபதி புல்லர் கேட்டு அனுப்பினார். கட்டாயம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். காந்திஜியும் கூட்டாளிகளும் மறுக்கவில்லை. குண்டு விழும் இடத்துக்குள் போனார்கள்.

இங்கேதான் அந்தப் பெரிய கேள்வி எழுந்தது. யாரை எதில் அனுப்புவது?

பெரிய ஆஸ்பத்திரி பிரியர் என்ற ஊரில் இருந்தது. களத்து முகாமிலிருந்து சுமார் 25 மைல். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போவதைவிடச் சற்று அதிக தூரம். சரியான சாலை இல்லை. கல்லும் மேடும் பள்ளமும்தான். மாடு பூட்டிய வண்டிகளும், குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்கும் ஆம்புலன்ஸ் வண்டிகளும் இருந்தன.

கையில் காயம் பட்டவர் வண்டியில் உட்கார்ந்து போகலாம். காலில் குண்டு பாய்ந்தவரும் ஒருவாறு தாங்கிக்கொள்வார். வயிற்றில் குண்டு பாய்ந்தவர் என்ன ஆவார்? மண்டை உடைந்தவர் என்ன ஆவார்? தொடை எலும்பு நொறுங்கியவர் என்ன ஆவார்? வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கினால் நின்ற ரத்தம் மறுபடி பீறிடும். உடைந்த எலும்பு சதையைக் கிழிக்கும். வண்டி வேகமாகத்தான் போகும். ஆனால், ஆள் உயிரோடு போய்ச் சேரமாட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு மனிதனின் கைதான் நல்ல வாகனம். இரண்டு கழிகளுக்கு நடுவே முரட்டுத் துணி கட்டிய படுக்கை. அதற்கு ஸ்டிரெச்சர் என்று பெயர். நம் மலை ஜனங்கள் கட்டும் டோலிக்கு அது உறவு. தூக்குகிறவர்கள் ஒரே சீராக அடி எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் தடுக்கினாலும் படுத்திருப்பவர் துடித்துப் போவார்.

இந்தியர் படை அப்படி நடந்தது. ஒரு நாளில் 20 மைல், 25 மைல். மேலே வெயில். கீழே புழுதி. ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். அவர்கள் சுமந்தவர்களில் ஜெனரல் உட்கேட்டும் ஒருவர். குன்றின் மேல் தலையில் காயம் பட்டவர். பின்னர் அந்தக் காயத்தாலேயே இறந்தார். ஆனாலும் களத்திலேயே கிடந்து சாகவில்லை. ஊரில் நடைபாதையில் நடக்கவும் தயங்க வேண்டியிருந்த கூலிகளின் கைகள் ஒரு ஜெனரலின் உயிரைத் தாங்கி நடந்தன.

ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் அந்த நாட்களில் ஒரு விடியற்காலையில் காந்திஜியைப் பார்த்தார். இரவு முழுவதும் வேலை. பெரிய உடம்புக்காரர்களே சோர்ந்து விழுந்த நேரம். காந்திஜி சாலை ஓரத்தில் அமர்ந்து ராணுவ பிஸ்கோத்தைத் தின்றுகொண்டிருந்தார். எல்லோர் முகமும் வாடியிருக்க, அவர் மட்டும் கலங்காமல் பேசினார் என்று அந்தப் பத்திரிகையாளர் பிறகு எழுதினார்.

ஆறு வாரங்களில் படை கலைக்கப்பட்டது. தளபதி தன் அறிக்கையில் பாராட்டினார். தலைவர்களுக்கு யுத்தப் பதக்கம் கிடைத்தது. கூலிகள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

நெப்போலியனின் டாக்டர்

இந்தக் கேள்விக்கு உலகத்தில் முதலில் நல்ல விடை கண்டவர்களில் ஒருவர் டொமினிக் லாரே. பிரெஞ்சு நாட்டு டாக்டர். நெப்போலியனின் படையில் இருந்தவர். அந்தக் காலத்தில் போர் முடிந்த பிறகுதான் காயம் பட்டவர்களைத் தேடுவார்கள். அதற்குள் பாதிப் பேர் செத்துவிடுவார்கள். லாரே 1790-களில் பறக்கும் ஆம்புலன்ஸ் என்ற வண்டிகளைச் செய்தார்.

எல்லா இடத்துக்கும் ஒரே வண்டி என்று அவர் வைக்கவில்லை. சமவெளிக்கு இரண்டு சக்கர லேசான வண்டி. கரடுமுரடான நிலத்துக்கு நாலு சக்கரப் பெரிய வண்டி. எகிப்துப் பாலைவனத்தில் வண்டி ஓடாது. அங்கே ஒட்டகத்தின் இரு பக்கமும் நீளமான கூடை கட்டி, நோயாளியைப் படுக்க வைத்தார். இன்னொரு சட்டமும் செய்தார். தளபதியா சிப்பாயா, நம் ஆளா எதிரியா என்று பார்க்கக் கூடாது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே முதல் இடம்.

யாரும் தொடாத புண்கள்

இந்தச் சட்டத்துக்குச் சோதனை 1906-ம் ஆண்டில் வந்தது. நேட்டாலில் ஜூலு மக்கள் வரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். சர்க்கார் படை அவர்களை அடக்கப் புறப்பட்டது. காந்திஜி மறுபடி ஒரு ஸ்டிரெச்சர் படை அமைத்தார். மொத்தம் 24 பேர். பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து போன முன்னாள் கூலிகள். காந்திஜிக்கு சார்ஜண்ட் மேஜர் பதவி.

போய்ப் பார்த்தால் அங்கே நடந்தது யுத்தமே அல்ல. சந்தேகத்தின் பேரில் ஜூலுக்களைக் கசையால் அடித்திருந்தார்கள். முதுகுப் புண்கள் அழுகிக் கிடந்தன. வெள்ளைக்காரப் பணியாளர்கள் அவர்களைத் தொட மறுத்தார்கள்.

காந்திஜியின் ஆட்கள் தொட்டார்கள். புண்ணைக் கழுவினார்கள். கட்டுப் போட்டார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு மலைகளில் நடந்தார்கள். சில நாட்களில் 40 மைல் வரை நடை. பேச்சு புரியாத ஜூலுக்கள் கண்ணாலேயே நன்றி சொன்னார்கள். சர்க்காருக்கு உதவப் போன காந்திஜி, சர்க்காரின் கொடுமையைக் கண்டு மனம் நொந்து திரும்பினார்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1904-ம் ஆண்டில், ஜோகன்னஸ்பர்க் நகரில் பிளேக் வந்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த 23 இந்தியர்கள் நோயோடு வந்து விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு இல்லை. நண்பர் ஒருவர் காலி வீட்டின் பூட்டை உடைத்து நோயாளிகளை உள்ளே சேர்த்தார். காந்திஜி சைக்கிளில் ஓடி வந்தார். இரவெல்லாம் பணிவிடை நடந்தது. மறுநாள் நகரசபை ஒரு காலிக் கிடங்கு கொடுத்தது. எல்லோரையும் அங்கே மாற்றினார்கள். பெரும்பாலோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இருவரே. ஆனால், நோயாளிகளைத் தனியே பிரித்ததால் நோய் மற்றவர்களிடம் பரவுவதைத் தடுக்க வழி பிறந்தது.

அவரே நோயாளியானார்

1915-ம் ஆண்டு தாய்நாடு திரும்பினார் காந்திஜி. ஆம்புலன்ஸ் தொண்டுக்காகக் கிடைத்த பதக்கங்களை 1920-ம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின்போது சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1924-ம் ஆண்டு ஜனவரியில் அவர் புனாவில் எரவாடா சிறையில் இருந்தார். கடுமையான வயிற்று வலி வந்தது. குடல்வால் வீக்கம். சிறை ஆஸ்பத்திரியில் இதற்கு வசதி இல்லை. கர்னல் மாடக் என்ற ஆங்கில டாக்டர் அவரை சாஸூன் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்.

பம்பாயிலிருந்து சொந்த டாக்டர்களை வரவழைக்கலாம். ஆனால், அவர்கள் வந்து சேர நேரம் ஆகும். அதற்குள் குடல்வால் வெடித்தால் உயிர் போகும். பக்கத்தில் இருந்த மாடக்கே அறுக்கட்டும் என்று காந்திஜி சம்மதம் கொடுத்தார். 12-ந்தேதி இரவு ஆபரேஷன் நடந்தது. நடுவில் மின்சார விளக்கு அணைந்தது. லாந்தர் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். உயிர் பிழைத்தது.

களத்தில் காயம் பட்டவர்களுக்கு அவசரம் கூடாது, நிதானமே காத்தது. இங்கே நிதானம் கூடாது, சீக்கிரமே காத்தது. நோய்க்குத் தக்க வேகம் வேண்டும்.

சிறுமலை அடிவாரத்தில்

காந்திஜி 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி மறைந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே திண்டுக்கல் சீமையில் அவர் பெயரால் ஒரு வேலை தொடங்கிவிட்டது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ம் ஆண்டு சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் காந்திஜியின் சீடர்கள். பிரசவத்துக்கு வரும் கிராமத்துப் பெண்கள் மதுரை வரை போக வேண்டாம் என்று பக்கத்திலேயே வைத்தியம் கிடைக்கச் செய்தார்கள். சிறிதாகத் தொடங்கிய அந்த இடம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

கொடைக்கானல் மலையில் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் சாலை இல்லை. நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். சமவெளியில் நிலைமை மாறிவிட்டது. 2008-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே முடியாததற்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆனால், ஸ்பியான் காப் குன்றின் அடியில் எழுந்த கேள்வி இன்றும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழுகிறது. எதில் ஏற்றுவது?

நன்றாகப் பேசுகிறவர், நடக்கிறவர், சோதனைக்குப் போகிறவர் சாதாரண காரில் போகலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, அதிக ரத்தப் போக்கு என்றால் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மூச்சுக் கருவி தேவைப்படும் நிலை என்றால், அந்தக் கருவி உள்ள வண்டிதான் வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு காக்கும் பெட்டி உள்ள தனி வண்டி உண்டு.

மரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது. முதுகுத் தண்டு ஒடிந்திருந்தால் அந்த ஒரு பயணமே அவரை ஆயுள் முழுவதும் முடக்கிவிடும். பலகை போல நேராகப் படுக்க வைத்தே தூக்க வேண்டும். பாம்பு கடித்தவரை நடக்க விடக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்துத் தூக்கிப் போக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராக ஓட வேண்டும் என்பதும் இல்லை. ரத்தம் கொட்டுகிறவருக்கும் மூச்சு நிற்கப் போகிறவருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் உயிரை நிலைநிறுத்த வேண்டும். அதற்குப் பிறகே நீண்ட பயணம். புறப்படும் முன்பு டாக்டரிடம் மூன்றைக் கேட்க வேண்டும். எந்த வண்டி? கூட யார் வருகிறார்? போகிற இடத்துக்குத் தகவல் சொல்லியாகிவிட்டதா? சிகிச்சை விவரம் எழுதிய கடிதத்தையும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பதறி ஓடும் குடும்பம் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் மறக்கிறது.

தென் ஆப்பிரிக்காவின் கல்லுப் பாதையில் நடந்த கூலிகளுக்குப் படிப்பு இல்லை. கையில் மருந்தும் இல்லை. படுத்திருப்பவரின் உடம்பு குலுங்கக் கூடாது என்ற நினைவு மட்டும் இருந்தது. அந்த நினைவோடு அடி மேல் அடி வைத்து 25 மைல் நடந்தார்கள். அவர்களோடு கூடவே நடந்தார், டாக்டராக ஆசைப்பட்டு பாரிஸ்டரான காந்திஜி.